ஆபிஸ் மென்பொருளை மாற்றும் முன் பழைய தமிழ்க் கோப்புகளைக் கவனியுங்கள்

வீட்டுக் கணினியில் உள்ள மைக்ரோசாப்ட் ஆபிஸ் 2016 அல்லது 2019 இன்றும் திறக்கிறது, தட்டச்சு செய்ய முடிகிறது, அச்சிடவும் முடிகிறது. ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அந்த இரண்டு பதிப்புகளுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதே நாளில் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிவுக்கு வந்தது. ஆபிஸ் 2010-க்கு 2020 அக்டோபரிலும் ஆபிஸ் 2013-க்கு 2023 ஏப்ரலிலும் ஆதரவு முடிந்துவிட்டது. பழைய ஆபிஸோடு காலம் தள்ளிய பல குடும்பங்கள் இப்போது மாற்றத்துக்குத் தயாராவதற்கு இதுவே காரணம்.

கடைக்குப் போனால் எதை வாங்குவது, எவ்வளவு ஆகும் என்ற பேச்சுதான் முதலில் வரும். தமிழ்க் குடும்பங்களுக்கு அதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. நம் ஆலயங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், மரண சகாய நிதிச் சங்கங்கள் பலவற்றுக்குத் தனி அலுவலகம் கிடையாது. செயலாளர் வீட்டுக் கணினிதான் அலுவலகம். பதினைந்து, இருபது ஆண்டுக் கூட்டக் குறிப்புகள், உறுப்பினர் பட்டியல், திருவிழா வரவு செலவு, ஆண்டு மலருக்குத் தட்டச்சு செய்த தோட்ட வரலாறு எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. அவற்றில் பெரும் பகுதி யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். புதிய கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் புள்ளி, கோடு, விநோதக் குறிகளும்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்தவர்களும் உண்டு. உண்மையில் அது கெடவில்லை. அதைப் படிக்க வேண்டிய எழுத்துருதான் அங்கே இல்லை.

எழுத்து ஏன் உடைகிறது

கணினியில் தமிழ் எழுதுவதில் மலேசியாவும் சிங்கப்பூரும் முன்னோடிகள். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985-இல் கோலாலம்பூரில் தொடங்கியது. தமிழ் இணைய மாநாடு 1997-இல் சிங்கப்பூரில் கூடியது. 1999-இல் சென்னை மாநாட்டில் தமிழ் 99 விசைப்பலகையும் டாப், டாம் என்ற இரு குறியீட்டு முறைகளும் ஏற்கப்பட்டன. திஸ்கி என்ற முறையும் அதே காலத்தில் புழங்கியது. பாமினி போன்ற எழுத்துருக்கள் தட்டச்சுக் கடைகளில் பரவலாயின. முன்னரே எழுதத் தொடங்கியதால், முன்னைய முறையில் எழுதிய கோப்புகளும் நம்மிடம் அதிகம்.

இந்த முறைகளில் கணினிக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஓர் ஆங்கில எழுத்துக்கோ குறிக்கோ உரிய எண்ணைத்தான் அது கோப்பில் சேமிக்கும். திரையில் காட்டும்போது அந்த இடத்தில் தமிழ் வடிவத்தை வரைவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு போனால் தமிழும் போய்விடும். யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்த எண் உண்டு. எந்த எழுத்துருவில் பார்த்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசாப்ட் இதை ஆதரிக்கிறது. ஆனாலும் பழக்கம் விடாது. 2010-க்குப் பிறகும் பாமினியிலேயே அறிக்கை எழுதிய சங்கங்கள் ஏராளம்.

ஒரு கோப்பு எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பழைய கணினியில் கோப்பைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அதன் எழுத்துருவை ஏரியல் என்று மாற்ற வேண்டும். தமிழாகவே நின்றால் அது யூனிகோட், பயமில்லை. ஆங்கில எழுத்துகளாகவோ குறிகளாகவோ மாறினால் அது பழைய முறை. பார்த்தவுடன் மாற்றத்தைத் திருப்பிவிட்டு, சேமிக்காமல் மூடிவிடலாம்.

மூன்று பிரதிகள் எடுக்க வேண்டும்

பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே, பழைய ஆபிஸை நீக்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பழைய ஆபிஸும் புதிய ஆபிஸும் ஒரே கணினியில் சேர்ந்து இருப்பது பெரும்பாலும் சரிவராது. எனவே புதியதை ஏற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே உதவாது.

முதலாவது, கோப்புகளை அப்படியே ஒரு வெளி வட்டிலோ பென்டிரைவிலோ நகலெடுப்பது. அதோடு எழுத்துருக்களையும் எடுக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சி டிரைவில் விண்டோஸ் என்ற கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற கோப்புறை இருக்கும். அங்கே பாமினி போன்ற பெயர்களும், டிஎஸ்சி, டிஏபி, டிஏஎம் என்று தொடங்கும் பெயர்களும் இருந்தால் அவை அத்தனையையும் எடுத்து வைக்கலாம். டிடிஎஃப் வகை எழுத்துருக்கள் விண்டோஸ் 11-இலும் வேலை செய்யும். இருமுறை சொடுக்கி இன்ஸ்டால் செய்தால் பழைய கோப்பு மீண்டும் தமிழ் பேசும். பிஎஃப்பி என்று முடியும் பழைய டைப் 1 எழுத்துருக்கள் அப்படியல்ல. ஆபிஸ் 2013 முதல் அவற்றுக்கு ஆதரவு இல்லை. அத்தகைய கோப்புகளைப் பழைய ஆபிஸில் வைத்துத்தான் மீட்க முடியும்.

இரண்டாவது, முக்கியக் கோப்புகளை பிடிஎஃப் ஆக்குவது. ஆபிஸ் 2010-க்குப் பிந்தைய எல்லாப் பதிப்புகளிலும் சேவ் அஸ் பட்டியலிலேயே இந்த வசதி இருக்கிறது. பிடிஎஃப் பக்கத்தின் தோற்றத்தை அப்படியே பிடித்து வைக்கும். எந்தக் கைப்பேசியிலும் திறக்கும். ஆனால் அது படம் பிடித்த மாதிரிதான். பழைய எழுத்துருவில் இருந்த பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் மீண்டும் குறிகள்தான் வரும். ஒரு பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

மூன்றாவது, யூனிகோட் ஆக்குவது. உழைப்பு அதிகம் கேட்பது இதுதான். நெடுங்காலம் பயன் தருவதும் இதுதான். சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர், இணையத்தில் சுரதாவின் பொங்குதமிழ் ஆகிய இலவச மாற்றிகளைத் தமிழர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். எந்த முறையிலிருந்து மாற்ற வேண்டும் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். திஸ்கியைப் பாமினி என்று சொல்லி மாற்றினால் குப்பைதான் வரும். முதலில் ஒரு பத்தியை மாற்றிப் பார்த்து, சரியாக வந்த பிறகு மற்றதைத் தொடலாம்.

நம் நாட்டுக் கோப்புகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ் அறிக்கையின் நடுவே மலாயில் அரசு இலாகாவின் பெயர், ஆங்கிலத்தில் முகவரி, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கலந்திருக்கும். திஸ்கியும் டாபும் இருமொழி முறைகள். ஆங்கில எழுத்துகளின் இடத்தை அவை தொடுவதில்லை. அதனால் கலந்த பத்தியை மாற்றினாலும் மலாய் வரிகள் பத்திரமாக இருக்கும். டாம், பாமினி இரண்டும் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தவை. அவற்றில் எழுதிய கோப்பை மொத்தமாக மாற்றினால் மலாய்ச் சொற்களும் தமிழாக மாறி, பொருளற்ற எழுத்துக் கூட்டமாகிவிடும். அத்தகைய கோப்புகளில் தமிழ்ப் பத்திகளை மட்டும் தனித்தனியே எடுத்து மாற்ற வேண்டும். வேலை மெல்லத்தான் நகரும். முப்பது பக்க ஆண்டறிக்கைக்கு ஒரு மாலை நேரம் போய்விடும்.

எக்செல் பட்டியலுக்கு இன்னும் கவனம் தேவை. பெயர்கள் உள்ள பத்தியை மட்டும் நகலெடுத்து, மாற்றி, அதே இடத்தில் ஒட்டலாம். ஒட்டுவதற்கு முன் எத்தனை வரிகள் இருந்தன, பின் எத்தனை வரிகள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பது அவசியம். நடுவில் ஒரு வெற்று வரி காணாமல் போனால் அதற்குக் கீழே உள்ள ஒவ்வொருவர் பெயரும் அடுத்தவர் சந்தாத் தொகைக்கு நேரே போய் நிற்கும். மரண சகாய நிதிச் சங்கத்தில் இப்படி நடந்தால் அது சிறிய விஷயமல்ல. அடையாள அட்டை எண், கைப்பேசி எண் உள்ள பட்டியலை இணைய மாற்றியில் முழுதாக ஒட்டாமல், கணினியிலேயே இயங்கும் மாற்றியில் செய்வது நல்லது.

பழைய எழுத்துருவையே தொடர விரும்புவோர்

பாமினியில் கை பழகிய மூத்தவர்கள் புதிய வேர்டிலும் அதிலேயே எழுதலாம். தடை ஏதும் இல்லை. ஆனால் புதிதாக ஏற்றிய வேர்டில், வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக மாற்றும் வசதி இயங்கிக்கொண்டிருக்கும். பாமினியில் சிறிய எழுத்துக்கு ஒரு தமிழ் எழுத்து, பெரிய எழுத்துக்கு வேறொன்று. அதனால் ஒவ்வொரு வாக்கியத் தொடக்கத்திலும் எழுத்து மாறிப்போகும். ஆப்ஷன்ஸ் பகுதியில் புரூஃபிங் என்பதற்குள் ஆட்டோகரெக்ட் அமைப்பைத் திறந்து அந்த வசதியை நிறுத்தினால் தொல்லை தீரும். கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று பழுதுபார்ப்பவரை அழைக்கத் தேவையில்லை.

அதைவிட, யூனிகோடுக்கு மாறுவது அவ்வளவு கடினமல்ல. விண்டோஸ் 11-இல் தமிழ் மொழியைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் விண்டோஸிலேயே கிடைக்கின்றன. முரசில் ஒலிப்பு முறையில் எழுதியவர்களுக்கு அஞ்சல் அந்நியமாகத் தோன்றாது.

யூனிகோடில் எழுதிய கோப்பிலும் ஒரு சிறு மாறுதல் தெரியலாம். விண்டோஸ் எக்ஸ்பி, 7 காலத்தில் தமிழுக்கு லதா என்ற எழுத்துருவே வழக்கம். விண்டோஸ் 10, 11-இல் லதாவும் விஜயாவும் தாமாக வருவதில்லை. நிர்மலா என்ற எழுத்துருதான் இருக்கும். எழுத்தின் அகலமும் வரி இடைவெளியும் மாறுவதால் நான்கு பக்க அழைப்பிதழ் ஐந்து பக்கமாக நீளும். செட்டிங்ஸ் பகுதியில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்பதற்குள் தமிழ் கூடுதல் எழுத்துருத் தொகுப்பைச் சேர்த்தால் லதா திரும்பி வரும்.

பப்ளிஷர் கோப்புகளுக்குக் கெடு

திருவிழா அறிவிப்பு, காதணி விழா அழைப்பு, பள்ளி விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரல் போன்றவற்றை மைக்ரோசாப்ட் பப்ளிஷரில் செய்து பழகியவர்கள் பலர். அந்த மென்பொருளுக்கு 2026 அக்டோபர் 13 கடைசி நாள். ஆபிஸ் 2024-இல் பப்ளிஷர் இல்லவே இல்லை. மைக்ரோசாப்ட் 365 சந்தாவில் உள்ளவர்களும் அந்தத் தேதிக்குப் பிறகு பப்ளிஷர் கோப்புகளை அதில் திறக்க முடியாது. இப்போதே அவற்றை பிடிஎஃப் ஆக்கி வைக்க வேண்டும். இலவச லிப்ரே ஆபிஸின் டிரா என்ற பகுதி பப்ளிஷர் கோப்புகளைத் திறக்கும். சில பெட்டிகள் இடம் மாறினாலும் எழுத்தும் படமும் கிடைக்கும். 2000-ஆம் ஆண்டுவாக்கில் வீட்டுக் கணினிகளோடு வந்த மைக்ரோசாப்ட் வொர்க்ஸ் கோப்புகளுக்கும் லிப்ரே ஆபிஸே கைகொடுக்கும்.

எந்த மென்பொருள் யாருக்கு

ஒரே தடவை பணம் கட்டி வாங்குவது ஆபிஸ் 2024. 2024 அக்டோபரில் வெளிவந்த இதற்கு 2029 அக்டோபர் 9 வரை ஆதரவு உண்டு. ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. வீட்டுப் பதிப்பில் வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட், ஒன்நோட் உண்டு. அவுட்லுக் வேண்டுமானால் விலை கூடிய வர்த்தகப் பதிப்பை வாங்க வேண்டும். ஆபிஸ் 2021 மலிவாகக் கிடைத்தால் ஏமாற வேண்டாம். அதன் ஆதரவு 2026 அக்டோபர் 13-ஆம் தேதி முடிகிறது. ஐந்து ஆண்டுகள் ஓட வேண்டிய மென்பொருளுக்குக் காலாவதித் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

சந்தா முறையில் வருவது மைக்ரோசாப்ட் 365. குடும்பத் திட்டத்தில் ஆறு பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் 1 டெராபைட் சேமிப்பிடம் உண்டு. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டுக்கு இது கட்டுப்படியாகும். ஓய்வுபெற்ற ஒருவர் மாதம் இரண்டு கடிதம் எழுதுவதற்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவது வீண். சந்தா நின்றால் கோப்புகள் அழிவதில்லை. திறந்து படிக்கலாம், அச்சிடலாம், திருத்தத்தான் முடியாது.

2024 இறுதியில், கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு வசதியைச் சேர்த்து இந்தச் சந்தாவின் விலை உயர்த்தப்பட்டது. அதை முதலில் சந்தித்த ஆறு சந்தைகளில் மலேசியாவும் சிங்கப்பூரும் அடக்கம். கோபைலட் இல்லாத, பழைய விலையிலான கிளாசிக் என்ற திட்டமும் ஏற்கெனவே சந்தாவில் இருந்தவர்களுக்கு வழங்கப்பட்டது. அது சந்தாதாரர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று குற்றஞ்சாட்டி ஆஸ்திரேலியப் பயனீட்டாளர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. இங்கே சந்தா வைத்திருப்போர், புதுப்பிக்கும் முன் தங்கள் கணக்குப் பக்கத்தில் என்னென்ன தெரிவுகள் உள்ளன என்று பார்ப்பது நல்லது.

பணமே கட்ட வேண்டாம் என்போருக்கு லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. 2010-இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்த இது முழுவதும் இலவசம், சட்டபூர்வமானது, தமிழிலேயே பட்டியல்களைக் காட்டும் வசதியும் உண்டு. சங்கச் செயலாளர் ஒருவரின் கடிதம், அறிக்கை, கணக்கு ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். வேர்டில் செய்த சிக்கலான அட்டவணைகள் சில இடம் நகரும். அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எதிர்முனையில் குழப்பம் வராது. விண்டோஸ் 7, 8 உள்ள கணினிகளில் லிப்ரே ஆபிஸின் 25.8 பதிப்பு முதல் இயங்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் கல்வியமைச்சின் டெலிமா கணக்கு இருக்கும். அதன் வழி கூகுள், மைக்ரோசாப்ட் கருவிகளைப் பாடத்துக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அது பள்ளியின் கணக்கு. ஆலயக் கணக்கையும் குடும்பப் படங்களையும் அதில் சேமிப்பது முறையல்ல. பிள்ளை பள்ளியை விட்டதும் அந்தக் கணக்கும் கைவிட்டுப் போகும்.

பத்து வெள்ளி சாவி

இணையச் சந்தைகளில் வாழ்நாள் உரிமம் என்று ஆபிஸ் சாவிகள் பத்து இருபது வெள்ளிக்கு விற்கப்படுகின்றன. அவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாக வழங்கப்பட்ட உரிமத்திலிருந்து கசிந்தவை. இன்று வேலை செய்யும், ஒருநாள் முடக்கப்படும். சில விற்பனையாளர்கள் சாவிக்குப் பதிலாக ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் தருவார்கள். இதுதான் மிகவும் ஆபத்தானது. அது யாரோ ஒரு நிறுவனத்தின் கணக்கு. அதில் நுழைந்து சேமிக்கும் கோப்புகள் அந்த நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்குப் போகும். அதன் நிர்வாகி அவற்றைப் பார்க்கவும் முடியும், அழிக்கவும் முடியும்.

புதிய மடிக்கணினியோடு ஆபிஸ் இலவசம் என்று கடைக்காரர் சொன்னால், எந்தப் பதிப்பு, எவ்வளவு காலத்துக்கு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அது ஓராண்டுச் சந்தாவாக இருக்கலாம், ஒரு மாத முன்னோட்டமாகவும் இருக்கலாம். சொன்னது ஒன்று, தந்தது வேறொன்று என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் புகார் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். ரசீது இருந்தால்தான் வழக்குக்குப் பலம்.

ஏற்றும் நாளில்

ஆபிஸை ஏற்ற ஏறக்குறைய 4 ஜிகாபைட் இடம் வேண்டும். பதிவிறக்கமும் பெரியது. தோட்டப்புறத்தில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி நடுவில் அறுந்துபோனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரிடலாம். மைக்ரோசாப்ட் கணக்குப் பக்கத்தில் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் என்ற தெரிவு இருக்கிறது. பட்டணத்தில் உறவினர் வீட்டில் அதைப் பென்டிரைவில் இறக்கி வந்து, வீட்டில் இணையம் இன்றியே ஏற்றலாம். உரிமத்தைச் செயற்படுத்த மட்டும் சில நிமிடங்கள் லைன் கிடைத்தால் போதும். சந்தா எடுத்தவர்கள் மாதம் ஒரு முறையாவது இணையத்தோடு இணைய வேண்டும். இல்லையென்றால் திருத்தும் வசதி தற்காலிகமாக நிற்கும்.

கணக்கில் நுழைந்த பிறகு, சேமிக்கும்போது வேர்ட் முதலில் ஒன்டிரைவைத்தான் காட்டும். இலவசக் கணக்கில் அங்கே 5 ஜிகாபைட் மட்டுமே. கோப்பு காணாமல் போய்விட்டது என்ற புகார்களில் பல, அது கணினியில் இல்லாமல் ஒன்டிரைவில் சேமிக்கப்பட்டதால் வருபவை. ஆப்ஷன்ஸ் பகுதியில் சேவ் என்பதற்குள் கணினியிலேயே சேமிக்கும்படி அமைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10 கணினியை உடனே மாற்ற வசதியில்லாதவர்களுக்கு, 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பதிந்துகொள்ளும் வழியை மைக்ரோசாப்ட் தந்திருக்கிறது. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளைக் காப்புப் பிரதி எடுத்தால் அதற்குக் கட்டணம் இல்லை. பப்ளிஷருக்கும் ஆபிஸ் 2021-க்கும் அதே தேதிதான் கெடு. பழைய கணினியைப் பழைய சாமான் வண்டியில் ஏற்றுவதற்கு முன், எடுத்து வைத்த பென்டிரைவை வேறொரு கணினியில் செருகி, ஐந்தாறு கோப்புகளைத் திறந்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.